ஏழாம் அத்தியாயம்: சித்திரையில் மதுரைச் சந்தைகள்

சித்திரைத் திருவிழாவுக்கென்று வெளியூரிலிருந்து மதுரைக்கு வருகிறவர்கள், கொடியேற்றம் முதல் பூப்பல்லக்கு வரையில் எந்த நாளில் எந்த வாகனம், எந்த வேளையில் எந்த வீதி என்பதையெல்லாம் கோயில் பத்திரிகையைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்களேயன்றி, அத்தனை லட்சம் ஜனங்களும் அந்த நாட்களில் எதைச் சாப்பிடுகிறார்கள், அது எந்தத் திசையிலிருந்து வந்து இறங்குகிறது, யார் அதைச் சுமந்து வந்து கொடுக்கிறார்கள் என்று விசாரிப்பதில்லை. அப்படி விசாரிக்கிற ஆவல் உள்ள ஒரு சிலருக்காகவே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. சுவாமி புறப்பாட்டைப் பற்றி வேறு அத்தியாயங்களில் விரிவாகச் சொல்லியிருப்பதால், இங்கே அதைச் சந்தைக்குப் போகிறவனுடைய சௌகரிய அசௌகரியங்களை உத்தேசித்து மட்டுமே குறிப்பிடுகிறேன்.

சந்தைக்குப் போக நினைப்பவரும் முதலில் கையில் எடுக்க வேண்டியது அதே கோயில் பத்திரிகைதான். மீனாட்சியம்மன் கோயிலின் 12 நாள் உற்சவத்தில் 8-ஆம் நாள் பட்டாபிஷேகம், 9-ஆம் நாள் திக்குவிஜயம், 10-ஆம் நாள் திருக்கல்யாணம், 11-ஆம் நாள் தேரோட்டம். இதையொட்டி அழகர்கோயிலிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு, எதிர்சேவை கண்டு, சித்திரா பௌர்ணமியன்று வைகையில் இறங்கி, வண்டியூருக்கும் தேனூர் மண்டபத்துக்கும் எழுந்தருளிவிட்டு மலைக்குத் திரும்புகிறார். முதல் பாதியில் கூட்டம் ஊரின் நடுவே, நான்கு மாசி வீதிகளில் நிற்கும். பின் பாதியில் அது ஆற்றைத் தாண்டி வடகரைக்கு, தல்லாகுளத்துப் பக்கம் நகர்ந்துவிடும். ஆகவே முதல் பாதியில் வடகரைச் சந்தைகளையும், பின் பாதியில் தென்கரைக் கடைவீதிகளையும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் பாதிச் சிரமம் குறையும். இந்த ஒரு யுக்தியை மனத்தில் வைத்துக்கொண்டவருக்கு மீதியைச் சொல்லாமலே விளங்கிவிடும் என்றாலும், சொல்லத்தான் வேண்டும்.

சைவக் கோயிலின் கல்யாணமும் வைணவக் கோயிலின் ஆற்றுத் திருவிழாவும் இப்படி ஒரே மாதத்தில் அடுத்தடுத்து வருவது தற்செயலானதன்று. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தில், மாசி மாதத்தில் நடந்துவந்த அம்மன் திருக்கல்யாணமும், தேனூரில் நடந்துவந்த அழகர் ஆற்றில் இறங்கும் உற்சவமும் சித்திரைக்கும் மதுரைக்குமாக மாற்றப்பட்டன என்பது இவ்வூரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அறுவடை முடிந்து, களத்தில் வேலை ஓய்ந்து, மடியில் நாலு காசும் சேர்ந்திருக்கிற பருவத்தில் நாட்டுப்புறத்துக் குடியானவனை நகரத்துக்கு வரவழைத்த அந்த ஏற்பாட்டினால், திருவிழா என்பது சாமி கும்பிடுவதோடு நில்லாமல் வாங்குவதும் விற்பதுமாகவும் ஆகிவிட்டது. அந்நாளில் அழகரைப் பின்தொடர்ந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் அரிசியும் பருப்பும் கொண்டுவந்து வடகரைத் தோப்புகளில் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். மாட்டுச் சந்தையும் கூடியது. இன்று வண்டிகள் போய் வேன்கள் வந்துவிட்டன. ஆனால் தல்லாகுளத்தில் மண்டபத்து நிழலில் கல் மூன்றை வைத்து உலை ஏற்றுகிற குடும்பங்களை இப்போதும் காணலாம்.

இனி இடங்களைப் பார்ப்போம். மதுரையின் பழைய நகரம் கோயிலை நடுவாகக் கொண்டு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாக அமைந்த வீதிகளால் ஆனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிளாக்பர்ன் என்னும் கலெக்டர் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் உண்டாயின. அவர் ஞாபகமாக நிறுத்திய விளக்குத்தூண் கீழமாசி வீதியின் பக்கத்திலேயே நிற்கிறது. பலசரக்கு, பருப்பு, வெல்லம், வெங்காயம் எல்லாம் இந்தக் கிழக்குப் பகுதியில்தான். கோயிலுக்கு வடக்கே ஒரு காலத்தில் இருந்த சென்ட்ரல் மார்க்கெட், இடம் போதாமையால், ஊருக்கு வடகிழக்கே மாட்டுத்தாவணிக்குக் கொண்டுபோகப்பட்டுவிட்டது. காய்கறியும் பூவும் பழமும் மொத்தமாக வந்து இறங்குவது இப்போது அங்கேதான். வாழைக்கும் இலைக்கும் பழைய இடம் வைகைப் பாலத்தின் தென்முனையான யானைக்கல்.

மாட்டுத்தாவணிக் காய்கறி மார்க்கெட்டுக்கு விடிந்தபிறகு போகிறவர் அதன் எச்சத்தையே காண்பார். நள்ளிரவுக்குப் பின் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் கொடைக்கானல் மலையிலிருந்தும் லாரிகள் வந்து சேர, கமிஷன் கடைகளில் மூட்டைகள் பிரிக்கப்பட்டு, விலை பேசப்பட்டு, ஊருக்குள்ளிருக்கும் சில்லறைக் கடைக்காரர்களின் குட்டியானை வண்டிகளில் ஏற்றப்பட்டு முடிவதற்கும் கிழக்கு வெளுப்பதற்கும் சரியாக இருக்கும். பக்கத்திலேயே எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் இருப்பதால் எந்த நேரத்திலும் வாகனத்துக்குக் குறைவில்லை. நாலு மணிக்கு முன்னதாகப் போய்ச் சேருவது உத்தமம். சுமை தூக்குகிறவர் தலையில் மூட்டையோடு ஓட்டமாக வருகையில் "வழி, வழி" என்று ஒரு தடவைதான் சொல்லுவார். அந்த ஒரு தடவையிலேயே ஒதுங்கிவிட வேண்டும். அவருடைய கூலி நடைக்கு இவ்வளவு என்ற கணக்கு. வேடிக்கை பார்க்கிறவனுக்காக அவர் நின்றால் அது அவருக்கு நஷ்டம். படம் எடுக்க விரும்புகிறவர்களும் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மொத்தக் கடையில் கால் கிலோ கேட்பது தவறில்லை. ஆனால் கேட்கும் வேளை ஒன்று உண்டு. வியாபாரிகளின் வாங்கல் ஓய்ந்து, கடைக்காரர் தேநீர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கல்லாவில் சாய்கிற தருணத்தில், "அண்ணே, வீட்டுக்குக் கொஞ்சமா வேணும்" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். பேரம் பேசுவதிலும் ஒரு மரியாதை இருக்கிறது. திருவிழாக் காலத்தில் தேங்காய், எலுமிச்சை, வெல்லம் முதலியவற்றின் விலை ஏறியிருப்பது அவருடைய பேராசையினால் அன்று. ஊர் முழுவதும் பானகத்துக்கும் அர்ச்சனைக்கும் அதையே கேட்கிறது. அதனால் இந்த நாட்களில் விலையைக் குறைக்கச் சொல்லுவதைக் காட்டிலும் சரக்கை நானே பொறுக்கிக்கொள்கிறேன் என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

பூ மார்க்கெட் சாப்பாட்டுச் சந்தையைப் பற்றிய அத்தியாயத்துக்கு உரியது அன்று என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. ஆயினும் மாட்டுத்தாவணி வரைக்கும் போய், மதுரை மல்லியைப் பார்க்காமல் திரும்புவது நியாயமாகாது. 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இந்த மல்லிகைக்கு மாசி கடைசியிலிருந்து ஆனி வரையிலான வெயில் காலமே நல்ல விளைச்சல் காலம். விடியுமுன் பறித்த மொட்டு சாக்குகளில் வந்து குவியும். காலை முற்றுவதற்குள் விலை பல தடவை ஏறி இறங்கும். முகூர்த்த நாளாக இருந்துவிட்டால் ஏறியது இறங்காது. திருக்கல்யாணத்தை அடுத்த நாட்களில் அதன் போக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. இங்கே கிலோக் கணக்கில் உதிரியாக வாங்கிப் போய்க் கட்டத் தெரிந்தவர்கள் வாங்கலாம். மற்றவர்கள் கோயில் வாசலில் முழம் போட்டு விற்கிறவளிடம் வாங்குவதே சரி, அவளுடைய விரல்களுக்கும் கூலி சேர வேண்டுமல்லவா?

பழங்களில் இந்தப் பருவத்தின் அரசு மாம்பழத்துக்குரியது என்பதில் இரண்டாவது அபிப்பிராயம் இருக்க முடியாது. நத்தத்துத் தோப்புகளும் அழகர்மலை அடிவாரமும் காய்க்கத் தொடங்கும் சமயமும் அழகர் புறப்படும் சமயமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. கல்லாமை, செந்தூரம், பங்கனப்பள்ளி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இமாம்பசந்த் சற்றுப் பொறுத்து, அதிக விலையோடு, தன் மதிப்பைத் தானே அறிந்தது போல வரும். திருவிழா சித்திரையின் முற்பகுதியிலேயே வந்துவிடும் வருஷங்களில் மரத்தில் பழுக்காத காயே சந்தையை நிரப்புகிறது என்பதை மறக்கலாகாது. காயைக் கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதைச் சட்டம் தடுக்கிறது. எத்திலீன் வாயுவை, காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மிகாமல் பயன்படுத்தவே அனுமதி. இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கு ஓரளவு தெரியும். காம்படியில் முகர்ந்து பார்த்து, வாசனையே இல்லாமல் உடம்பு முழுவதும் ஒரே மஞ்சளாக இருக்கிற பழத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள். ஆங்காங்கே பச்சை தங்கி, காம்படியில் பால் காய்ந்த கறையோடு இருக்கும் பழம் பார்வைக்கு அழகில்லாவிட்டாலும் வாய்க்கு வஞ்சனை செய்யாது. அழகர்மலை மாவடு பேர்போனது என்று கேள்விப்பட்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதன் காலம் சித்திரைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது, திருவிழாச் சமயத்தில் கிடைத்தால் கடைசிச் சரக்காகவே இருக்கும், கொட்டை முற்றியிருக்கிறதா என்று ஒன்றைக் கடித்துப் பார்த்து வாங்கவும்.

நுங்கைப் பற்றி நிதானமாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் திருவிழாவுக்கு வருகிற நகரவாசிகள் அதிகமாக ஏமாறுவது இதில்தான். தோலை உரித்து, நெகிழிப் பையில் கட்டி, நடுப்பகல் வெயிலில் தள்ளுவண்டியில் தொங்குகிற நுங்கு எப்போது வெட்டப்பட்டது என்பது வெட்டியவருக்கே நினைவிராது. காயாகக் குலையோடு குவித்து வைத்துக்கொண்டு, கேட்டபிறகு அரிவாளால் தலையைச் சீவி, கண்ணைத் தோண்டிக் கொடுக்கிறவரிடம் மட்டுமே வாங்க வேண்டும். "இளசா வேணுமா, கடுக்காவா வேணுமா?" என்று அவர் கேட்பார். இளசு என்றால் விரல் பட்டதுமே உள்ளிருக்கும் நீர் தெறிக்கும். கடுக்கு என்றால் கடித்து மென்று தின்னலாம், ஆனால் வயிற்றில் அது சற்றே மந்தம் செய்யும். மேல் தோலோடு சாப்பிடுவது வேர்க்குருவுக்கு நல்லது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். துவர்ப்பைப் பொறுத்துக்கொள்ளக் கூடியவர்கள் அப்படியே செய்யலாம். பதநீரோ காலை வேளையின் பானம். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீருக்கு மரத்தின் மணமும் சுண்ணாம்பின் மணமும் கலந்த ஒரு தனி வாசனை உண்டு. அந்த வாசனை இல்லாமல் வெறும் தித்திப்பு மட்டும் இருந்தால் அதில் சீனித் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று முடிவுகட்டிவிடலாம். உச்சிவேளைக்குப் பின் அதை நாடாதிருப்பதே நலம். வெள்ளரிப்பிஞ்சைப் பிளந்து உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருகிற கூடைக்காரிகள் எங்கும் உண்டு, ஆட்சேபணை கிடையாது. துண்டு போட்டு வைத்த தர்பூசணியில் ஈ மொய்க்காத இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதைவிட, முழுப் பழமாக வாங்கி நாலு பேர் பங்கிட்டுக்கொள்வது சுலபம்.

பலசரக்குக்கு உரிய கீழமாசி வீதிக்கும் கீழமாரட் வீதி வெங்காய மண்டிகளுக்கும் போகிறவர்கள், உற்சவ நாட்களில் காலை மாலை இரு வேளையும் மாசி வீதிகளில் சுவாமி புறப்பாடு உண்டு என்பதை மறந்தால், ஒரு சந்துக்குள் அகப்பட்டுக்கொண்டு முன்னும் போக முடியாமல் பின்னும் திரும்ப முடியாமல் நிற்க நேரிடும். இரண்டு புறப்பாட்டுக்கும் இடைப்பட்ட பகற்பொழுதில், வெயில் தாளமாட்டாமல் கூட்டம் நிழலுக்கு ஒதுங்கியிருக்கும்போது, மண்டிக்காரர்கள் ஓய்வாகப் பேசுவார்கள். தேரோட்டத்தன்று மட்டும் இந்தப் பக்கம் வாங்குவதற்கென்று வரவே வேண்டாம். தேர்முட்டி கீழமாசி வீதியிலேயே இருக்கிறது. விடியற்காலையில் வடம் பிடித்து நான்கு மாசி வீதிகளையும் சுற்றிவந்து தேர் நிலை சேரும் வரையில் கடைக்காரர்களே திண்ணையில் நின்று மோர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். சரக்கு எடுத்துக் கொடுக்க எவருக்கும் கை ஓயாது, மனமும் இராது.

இந்தக் கடைகளில் திருவிழாவுக்கென்றே விற்பனையாகிற பண்டம் ஒன்று உண்டு; அது நாட்டுச் சர்க்கரை. அழகரை எதிர்கொண்டு நிற்கும் பெண்கள் பித்தளைச் செம்பில் சர்க்கரையை நிரப்பி, வாயை வாழையிலையால் மூடிக் கட்டி, அதன்மேல் சூடம் ஏற்றி ஆராதனை காட்டிவிட்டு, பிறகு அந்தச் சர்க்கரையைச் சுற்றியிருப்பவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். முன்பின் தெரியாதவர் என்று பார்ப்பதில்லை. கையை நீட்டினால் போதும். இதற்காக வாங்குகிற சர்க்கரை வெளுப்பாக இருக்க வேண்டியதில்லை. பழுப்பு நிறமாய், லேசான ஈரப்பசையோடு, கையில் எடுத்தால் உருண்டை பிடிக்கிறதாய் இருந்தால் அதுவே நல்ல சரக்கு. பானகத்துக்கு வெல்லம், சுக்கு, ஏலம் ஆகியவற்றையும் இங்கேயே ஒரே நடையில் முடித்துக்கொள்ளலாம். தயிருக்கென்றே பக்கத்தில் ஒரு மார்க்கெட் இருப்பதையும் மோர்ப்பந்தல் வைக்க நினைப்பவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ளட்டும்.

யானைக்கல்லில் வாழைத் தார்கள் சுவர் ஓரமாக அடுக்கப்பட்டிருக்கும் காட்சிக்காகவே ஒரு தடவை போகலாம். பூவனும் ரஸ்தாளியும் நாட்டுப்பழமும் சாதாரணமானவை. இவற்றினிடையே மேனி சிறுத்து, தோல் தடித்து, வாசனையால் தன்னைக் காட்டிக்கொள்ளும் சிறுமலைப் பழம் இருந்தால் விலை கேட்காமலே ஒரு சீப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பழம் என்ற பெயரில் சமவெளிப் பழத்தைக் கொடுப்பவர்களும் இல்லாமலில்லை. உண்மையான மலைப்பழம் கனியக் கனியச் சுருங்குமேயொழிய அழுகாது. இலைக்கட்டு வாங்குகிறவர்கள் அதன் நடுவிலிருந்து ஓர் இலையை உருவிப் பார்க்க வேண்டும். சித்திரைக் காற்றில் கிழியாத தலைவாழை இலை அருமை; மேலே நல்லதை வைத்து உள்ளே கிழிசலை வைப்பது வியாபார சாமர்த்தியங்களில் ஒன்று. அழகர் ஆற்றில் இறங்குவது இந்த இடத்துக்கு மிகவும் சமீபத்தில், ஆல்பர்ட் விக்டர் பாலத்தை ஒட்டித்தான். ஆகையால் அந்த நாளுக்கு முன்தினம் உச்சிப்பொழுதுக்குள் யானைக்கல் வேலையை முடித்துக்கொண்டுவிட வேண்டும்.

சந்தைச் சரக்கெல்லாம் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள், திருக்கல்யாணத்துக்கு முன்தினம் சாயங்காலம் சேதுபதி மேல்நிலைப் பள்ளிக்குப் போகட்டும். 1904-இல் பாரதியார் சிறிது காலம் தமிழாசிரியராக இருந்த அதே பள்ளிதான். அம்மன் கல்யாணத்துக்கு ஊரார் கூடிப் போடும் விருந்து அங்கே தயாராகிறது. அரிசி, பருப்பு, காய்கறி என்று அவரவர் சக்திக்கேற்றபடி கொண்டுவந்து கொடுப்பவர்களும், அரிவாள்மணையைக் கையோடு எடுத்துவந்து, கேட்காமலே உட்கார்ந்து, பூசணியும் கத்தரியும் நறுக்கத் தொடங்குகிற பெண்களுமாக அந்த முற்றம் நிறைந்திருக்கும். மறுநாள் விருந்து சாப்பிட்டவர்கள், நம் வீட்டுக் கல்யாணத்தில் செய்வது போலவே மொய் எழுதிவிட்டுப் போகிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் தெய்வங்கள் என்பதற்காக மதுரைக்காரர் மொய்யை விட்டுவிடுவாரா? வெளியூர்க்காரரும் எழுதலாம்; பெயரைச் சொன்னால் வரவில் வைத்துக்கொள்வார்கள். விருந்துக்கு ஏதாவது கொடுக்க விரும்புகிறவர்கள் முன்தினக் காலையில் மாட்டுத்தாவணியில் ஒரு மூட்டை காயை வாங்கி நேரே அங்கே கொண்டுபோய் இறக்கிவிடலாம். அதைவிட நல்ல சந்தைப் பிரயோஜனம் எனக்குத் தெரியவில்லை.

அவசரமில்லாமல், நெரிசலில்லாமல், கொஞ்சம் காய்கறி வாங்கிக்கொண்டு விளைவித்தவரிடமே நாலு வார்த்தை பேசவும் விரும்புகிறவர்களுக்கு உழவர் சந்தை ஏற்றது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி இதே மதுரையில், அண்ணா நகரில் திறக்கப்பட்டது. விவசாயி அடையாள அட்டையோடு வந்து, வாடகை கொடுக்காமல், அங்கேயே கொடுக்கும் தராசில் நிறுத்து விற்கிறார். அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். பேரத்துக்கு இடமில்லை, பேசுவதற்கு இடமுண்டு. சொக்கிகுளத்தில் இருப்பது தல்லாகுளத்துக்குச் சமீபம். எதிர்சேவைக்காக வடகரையில் தங்குகிறவர்கள் காலையில் அங்கே போய்க் கீரையும் பிஞ்சுக் கத்தரியும் வாங்கலாம். எட்டு மணிக்கு மேல் மீந்திருப்பதில் பார்ப்பதற்கு ஒன்றும் இராது.

தாகத்துக்கு என்ன செய்வது என்பதே இந்த மாதத்தின் பெரிய கேள்வி. உஷ்ணம் நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டுவது இங்கே சகஜம். மாசி வீதிகளிலும் அழகர் வரும் வழி நெடுகிலும் நீர்மோர்ப் பந்தல்களும் பானகப் பந்தல்களும் வரிசையாக இருப்பதால் காசு கொடுத்துக் குடிக்க வேண்டிய அவசியமே ஏற்படாது. விசிறியும் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளத் தயங்க வேண்டாம். ஒரு பந்தலில் மோரும் அடுத்ததில் பானகமுமாக மாற்றி மாற்றிக் குடிப்பதை மட்டும் தவிர்க்கலாம். மீனுக்குப் போடுகிற பாளம் ஐஸை உடைத்துப் போட்டிருப்பதாகத் தோன்றினால், புண்ணியத்தைக் கொடுப்பவரிடமே விட்டுவிட்டு மேலே நடப்பதுதான் விவேகம்.

ஜிகர்தண்டாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மதுரைக்காரர்கள் மன்னிக்கமாட்டார்கள். சுண்டக் காய்ச்சிக் குளிரவைத்த பாலில் கடற்பாசியோ பாதாம் பிசினோ சேர்த்து, நன்னாரி சர்பத் ஊற்றி, பால் ஐஸ்கிரீமை மேலே வைத்துத் தருவது. விளக்குத்தூண் பக்கத்துக் கடையில் கூட்டம் அதிகம். நகரெங்கும் அதே பெயரில் கடைகள் அதைவிட அதிகம். இது தாகம் தீர்க்கும் பானம் அன்று, தாகம் தீர்ந்தபிறகு சாப்பிட வேண்டிய பலகாரம் என்பது என் தீர்மானமான கருத்து. நடுப்பகலில் இதைக் குடித்துவிட்டு வெயிலில் நடந்தவர்கள் அரை மணி நேரத்தில் மறுபடியும் தண்ணீரைத் தேடுவார்கள். இரவு பத்து மணிக்குக் குடித்தவர்களோ நிம்மதியாகத் தூங்குவார்கள். பருத்திப்பாலும் மதுரைக்கே உரியது. பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்த பாலில் வெல்லமும் சுக்கும் ஏலமும் சேர்த்துச் சூடாகத் தருகிறார்கள். சித்திரை வெயிலில் சூடான பானமா என்று அஞ்ச வேண்டாம். சந்தையில் இரவெல்லாம் விழித்தவர்களுக்கு விடியற்காலையில் அதற்கு ஈடானது கிடையாது.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காப்புக் கட்டி விரதம் இருப்பவர்கள் சூழ நிற்கும் நாட்களில் அவர்கள் மனம் நோகாதபடி நடந்துகொள்வது விருந்தினரின் கடமை. மற்றபடி சிம்மக்கல்லில் கறிதோசையும், இரவு முழுவதும் கல் காய்ந்துகொண்டிருக்கும் பரோட்டாக் கடைகளும், அயிரை மீன் குழம்பும் எப்போதும் போல இருக்கவே செய்யும். தமுக்கத்தில் நெடுங்காலம் நடந்துவந்ததும், அண்மையில் இடம் மாறியும் நடப்பதுமான சித்திரைப் பொருட்காட்சியில் விற்கிற டெல்லி அப்பளத்தைக் குழந்தைகளுக்காக வாங்கலாம். அதில் ருசியைத் தேடுவது வியர்த்தம்.

உடன் கொண்டுபோக வேண்டியவை கொஞ்சமே. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பைகளுக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருப்பதால் மஞ்சப்பை இரண்டு அவசியம். கனமான பொருளுக்கு ஒன்று, பூவுக்கும் பழத்துக்கும் ஒன்று. கூட்டத்தில் கைப்பேசி அலை கிடைக்காமற்போவது வழக்கம். ஆகையால் கைப்பேசியாலேயே பணம் கொடுத்துப் பழகியவர்கள் பத்து இருபது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் வைத்திருக்கட்டும். பெண்கள் கழுத்துச் சங்கிலியை ஊக்கால் சேலையோடு சேர்த்துக் குத்திக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் போலீஸார் ஒலிபெருக்கியில் சொல்லுவதை அலட்சியம் செய்யலாகாது. மாட்டுத்தாவணியின் சேற்றுக்கும் காய்த்தோலுக்கும் ரப்பர் செருப்பே உகந்தது. அழகர் ஆற்றில் இறங்கும் அன்று, கையில் சாமானோடு வைகைக் கரைக்குப் போகவே கூடாது. 2022-ஆம் ஆண்டு அந்தக் கரையில் நெரிசலில் சிக்கி உயிரிழந்தவர்கள் உண்டு. வாங்கியதை அறையில் வைத்துவிட்டு, குழந்தைகளையும் முதியவர்களையும் பாலத்துக்குத் தொலைவிலேயே நிறுத்திக்கொண்டு பார்ப்பது போதும்.

திருவிழா முடிந்து ஊர் திரும்புமுன் நேரமிருப்பவர்கள், மதுரைக்கு வடக்கே சுமார் 21 கிலோமீட்டரில் உள்ள அழகர்கோயிலுக்கு ஒரு நடை போய் வரலாம். அங்கே பிரசாதமாகத் தருகிற தோசை, அரிசியும் தோல் நீக்காத உளுந்தும் சேர்த்து அரைத்து, மிளகும் சுக்கும் கூட்டி, நெய்யில் வேகவைத்த கனத்த பண்டம். ஒன்றை இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்டாலே ஒரு வேளைக்குக் காணும். சந்தையில் கிடைக்காத ஒன்று என்பதால்தான் அதை இங்கே குறிப்பிட்டேன்.

இத்தனைக்கும் நேரமில்லை, ஒரே ஒரு காலைதான் உண்டு என்பவர்கள், திக்குவிஜயத்தன்று விடியற்காலையைத் தேர்ந்துகொள்ளட்டும். மறுநாள் கல்யாணத்துக்காக இலையும் காயும் பூவும் ஊர் முழுவதும் நகர்ந்துகொண்டிருப்பது அன்றுதான். சுவாமி புறப்பாட்டின் பெருங்கூட்டமோ சாயங்காலத்துக்கு மேல்தான் வரும். நாலு மணிக்கு மாட்டுத்தாவணி, ஆறு மணிக்கு யானைக்கல், அங்கிருந்து நடந்தே சிம்மக்கல் வழியாக விளக்குத்தூண். ஒன்பது மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள், அதற்குமேல் வெயில் விடாது.